சூடாக்காமல் ஒட்டிய காது

என் மகளின் பாதத்தை இயந்திரம் நசுக்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதற்கு முன் வந்த வெடிச்சத்தம்தான் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

துறைமுகத்தையொட்டிய படகு திருத்துமிடம் ஒன்றில் நான் மேற்பார்வையாளன். மகள் பயிற்சி முடித்து அங்கேயே வெல்டிங் வேலைக்கு வந்தவள். படகு இயந்திரங்களைத் தூக்கும் விட்டத்துக்குப் புதிதாக இரண்டு காதுகள் ஒட்ட வேண்டியிருந்தது. சங்கிலி கொளுவும் துளைத் தகடுகளைத்தான் காது என்போம். வந்த தகடு வழமையான இரும்பல்ல. சிறிதளவு குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு. நல்ல பாரம் தாங்கும். ஆனால் முதலில் சூடாக்காமல் ஒட்டினால், ஒட்டின் ஓரம் சட்டென்று ஆறிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். ஒட்டும் றொட்டில், அதாவது வெல்டிங் கம்பியில், ஈரம் இருந்தால் அதிலுள்ள ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, ஒரு நாள் கழித்துக்கூட வெடிப்பை உண்டாக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்று மழை. சூடாக்கும் காஸ் முடிந்திருந்தது. மறுநாள் காலை இயந்திரத்தைத் தூக்க வேண்டும்.

“அப்பா, சூடாக்காமல் ஒட்ட ஏலாது. றொட்டும் ஈரம் பிடிச்சுக் கிடக்கு.”

“உனக்குப் படிப்பிச்சவை கடலைக் கண்டவையே, பிள்ளை? இஞ்ச காத்தே ஈரம்தான். ஒட்டு.”

“உடைஞ்சால் என்னைக் கேக்கப்படாது.”

“ஓம், உன்ர கொப்பர் என்னைக் கேக்கச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே முகமூடியை இறக்கினாள். ஒட்டு அழகாக வந்தது. தட்டிப் பார்த்தேன், குறை எதுவும் தெரியவில்லை.

மறுநாள் இயந்திரம் இடுப்பளவு உயர்ந்தது. அது சுழலாமல் மகள் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தாள். ஒரு காது அறுந்தது. செல் குண்டு விழுந்தது போன்ற சத்தம். விடுபட்ட சங்கிலி சுழன்று தகரச் சுவரைக் கிழித்தது. இயந்திரம் மற்றக் காதில் சரிந்து தொங்கியது. இரண்டு எட்டு வைத்து விலக அவளுக்கு நேரம் இருந்தது.

நான் “படு” என்று கத்தினேன்.

போரில் சம்பூரிலிருந்து ஓடியபோது அவளுக்கு ஐந்து வயது. செல் வரும்போதெல்லாம் அப்படித்தான் கத்துவேன். ஏன் என்று கேட்காமல் குப்புற விழுவாள். அன்றும் விழுந்தாள், இயந்திரத்தின் கீழேயே. மற்றக் காதும் பிய்ந்து, இயந்திரம் அவளின் ஒரு பாதத்தின்மேல் இறங்கியது.

இயந்திரத்தைக் கடப்பாரைகளால் கிளப்பினோம். சப்பாத்துக்குள் பாதம் என்று எதுவும் மிச்சமில்லை. எண்ணெயும் இரத்தமும் கலந்து என் முழங்கை வரை வழிந்தன. ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

கண் விழித்ததும் ஒட்டைப் பற்றிக் குறைசொல்வாள் என்று பயந்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“ஏனப்பா படு எண்டனீங்கள்? நான் ஓடத்தான் வெளிக்கிட்டனான்.”

இப்போது அன்புவழிபுரத்து வீட்டில் ஊன்றுகோலுடன் நடக்கப் பழகுகிறாள். தெருவில் பட்டாசு வெடித்தாலும், குசினியில் சட்டி விழுந்தாலும், முதலில் என் வாயைத்தான் கையால் பொத்துகிறேன்.