மருதாணிக்கு மேலே மை

கட்சி செராமா கூட்டத்தில் பேச்சுக்குப் பேச்சு விசிலடித்துக் கைதட்டுகிறவர்கள்தான் வாக்களிப்பு நாளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். எங்கள் ஊரான குனோங் ராபாட்டில் அவர்களை எழுப்பி, என் காரில் ஏற்றி, ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது என் வேலை. அதற்கு வேண்டிய பொறுமை எனக்குக் கிடையாது. போன தேர்தலில் என் கூட்டாளி ஒருவனுக்கு விடிந்ததிலிருந்து போன் அடித்தேன். "பசியாறிட்டு வாரேன்லா மச்சான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் பசியாறுகிறவனை யாரும் அவசரப்படுத்த முடியாது. அது தெரிந்துதான் சொல்வான்.

போன் அடிக்கத் தேவையே இல்லாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்கா. தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் பிறப்பைப் பதியாமல் விட்டதால், பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர். அலைந்து அலைந்து குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கினார். அந்தத் தேர்தலில்தான் அவருக்கு முதல் ஓட்டு. முந்தின வாரமே என் காரில் இடம் பிடித்துவிட்டார்.

அன்று ஹார்ன் அடித்தும் அவர் வரவில்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால் கைகளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றார். தங்கை மகள் கல்யாணத்துக்கு விரல் நுனிவரை மருதாணி வைத்திருந்தார். விரல் சிவந்திருந்தால், ஏற்கெனவே ஓட்டுப் போட்டு மையை அழித்த ஆள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கல்யாண வீட்டில் யாரோ ஒரு மேதாவி சொல்லியிருக்கிறான். இவரும் காலையில் எழுந்ததும் எலுமிச்சம்பழத்தைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். மருதாணியில் எலுமிச்சை பட்டால் கேட்கவா வேண்டும், இன்னும் சிவந்துவிட்டது.

வீட்டுக்கார அண்ணனுக்கு உங்கள்மேல் அவ்வளவு ஆசையா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"சிவப்புன்னாலே எனக்கு ஆகாது தம்பி. அட்டையில இருந்துச்சு. இப்ப விரல்ல வந்து ஒக்காந்திருக்கு."

அந்த மேதாவி என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியாது. கட்சி ஆபீசில் யாரும் போனை எடுக்கவில்லை. நானும் இன்னும் போடவில்லை, உங்கள் பின்னாலேயே நிற்கிறேன், போய்த்தான் பார்ப்போம் என்று சொல்லிக் காரில் ஏற்றினேன். வழியில் கூட்டாளி போனில் வந்து, இன்னும் பசியாறுவதாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த அக்கா காதிலும் அது விழுந்தது.

வகுப்பறைக்குள் மைப் புட்டியோடு உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண், அக்காவின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் கல்யாணமா என்று மலாயில் கேட்டாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பின்மேலேயே மையைத் தடவி, வாக்குச்சீட்டு வாங்கிக்கொள்ள அனுப்பினாள்.

வெளியே வந்ததும் அக்கா விரலை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கே முதல் ஓட்டுப் போட்டதுபோல் சந்தோஷமாக இருந்தது. கல்யாண வீட்டில் இறக்கிவிடவா என்று கேட்டேன். முதலில் அந்தப் பசியாறுகிற ஆள் வீட்டுக்கு விடச் சொன்னார்.

கூட்டாளி கைலியோடு வாசலுக்கு வந்தான், கையில் பாதி தோசை. அக்கா சத்தம் போடவில்லை. மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒங்களுக்குப் பொறக்கும்போதே நீலம் தம்பி. அதான் பசியாற நேரம் இருக்கு."

அவன் தோசையை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து காரில் ஏறினான்.