குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம்

குடும்ப டாக்டர் தொழிலில், நோயாளி வாய் திறப்பதற்குள் கூட வந்தவர் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். மதியச் சோற்றை ஆறவிட்டே வயதான என் சக டாக்டர்களுக்கு இது தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய என் கிளினிக்கில் நடந்தது இது.

மைத்துனர் சொன்ன நோய்

அஸ்தினாபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த கோதண்டத்தை, அவர் மனைவியின் தம்பி முருகேசன் ஓர் ஆடி மாதத்தில் அழைத்துவந்தார். "மனசு ஒடிஞ்சு போச்சு டாக்டரம்மா. யாராண்டயும் பேசறதில்ல. ஆணி நிறுக்கும்போதே அழுவுறாரு." வேறொரு டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுத்திருந்தார். பலனில்லை. தை பிறந்ததும் கடையை முருகேசனிடம் விட்டுவிட்டு அவர் வீட்டோடு இருப்பது என்று குடும்பம் முடிவுசெய்திருந்தது. இந்தப் பேச்சு நடக்கும்போதே கோதண்டம் நாற்காலியில் தூங்கிப்போனார்.

துக்கம் எனக்குப் பழக்கமானது. கடை பறிபோகும் பேச்சில் தூங்குகிற துக்கத்தை நான் கண்டதில்லை. ராத்திரி தூக்கம் எப்படி என்றேன். முருகேசன் முந்திக்கொண்டார்: "தூக்கத்துக்கு இன்னா கொறச்சல்? தெருவே அதிர்ற மாதிரி கொறட்டை வுடறாரு!"

பக்திப் பாட்டு கேசட்

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. என் வழக்கம் வேறு; தூக்கத்தைப் பற்றி அதே அறையில் படுப்பவரைத்தான் கேட்பேன். மனைவி சரோஜாவை, குறட்டையை டேப்பில் பிடித்துவரச் சொன்னேன். பக்திப் பாட்டு கேசட்டின் மேலேயே பதிந்து கொண்டுவந்தார். அதை ஓடவிட்டதும், காத்திருந்த நோயாளிகளின் பெஞ்சே சிரித்தது.

நான் குறட்டை நின்ற இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரி வராததுபோல நீண்ட மௌனம். பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவர் போல ஒரு திணறல். மறுபடி மௌனம். ஊர் அவர் தூங்குவதாக நினைத்தது. அவரோ மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். சரோஜா மெல்லச் சொன்னார்: "அந்த நேரத்துல அவர் மூக்குகிட்ட கைவெச்சுப் பார்ப்பேன் டாக்டரம்மா. சொன்னா என்னையும் பைத்தியம்னுவாங்கன்னு சொல்லல."

பனியனில் பந்து

தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நின்று நின்று வரும் நோய் என்ற என் சந்தேகத்தை, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்து உறுதிசெய்தார்கள். ராத்திரி கெட்ட தூக்கம்தான் பகலில் சோர்வாகவும் அழுகையாகவும் வந்திருந்தது. மூச்சுத் தடையைக் கூட்டும் தூக்க மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினோம். எடை குறைய நடக்கவைத்தேன். மல்லாந்து படுக்காமலிருக்க, பனியன் முதுகில் சரோஜா ரப்பர் பந்து வைத்துத் தைத்தார்.

தை பிறந்தது. ஆணி வாங்கும் சாக்கில் கடைக்குப் போனேன். கல்லாவில் கோதண்டம், தெளிந்த கண்களோடு. முருகேசன் என்னிடம் குறைப்பட்டார்: "இன்னா டாக்டரம்மா இப்டி பண்ட்டீங்க? மாமா கண்ணே மூட மாட்றாரு, என்னை ஒரு நிமிஷம் குந்த வுட மாட்றாரு!"

ஊரே கேட்ட குறட்டைக்குள் யாரும் கேட்காத மௌனத்தைக் கேட்டவள் என்ற பெருமை எனக்கு உண்டு; அதை நினைத்து நினைத்து இப்போது எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.