பலகையில் நின்று அளந்த சேறு

2025 மார்ச் 12, புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு உப்பளத்து மோட்டார் ஷெட்டைத் திறந்து, மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். பிறகு காயலுக்குள் நீளும் பலகையில் நடந்து, அதன் முனையில் ஊன்றிய கம்பில் டேப்பைத் தொங்கவிட்டேன். சிவப்புக் குறியிலிருந்து சேறு வரை நாற்பத்திரண்டு அங்குலம். கார்த்திகை மழைக்கு முன்பும் அதேதான். நோட்டில் எழுதினேன்.

சேறு ஏறினால், காயல் நீரை உப்பளத்துக்கு இறைக்கும் குழாய் அடைத்துக்கொள்ளும்; அதற்காகத்தான் இந்த அளவு. ஆனால் காயலில் வள்ளத்தைக் கட்டிவைக்கும் மீனவர்களும் ஆழத்தை என்னிடம்தான் கேட்பார்கள். ஆறரைக்கு, ரிப்பேர் முடிந்து மழைக்குப் பிறகு முதல் தடவையாக வள்ளத்தை இறக்கிய அண்ணாச்சி கேட்டார்.

“ஏலே, காயல் வாயில மண்ணு ஏறிருக்கா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஆத்து வெள்ளம் அம்புட்டும் இங்கனதான வந்துச்சு?”

“அளந்துதான் சொல்லுதேன்.”

“சரிதான். உன் நோட்டு எங்க கோயில் ஞானஸ்நானப் புத்தகம்லா, அடிச்சுத் திருத்தலே கிடையாது.” சிரித்துக்கொண்டே இஞ்சினைக் கிளப்பினார். அப்போது நீர் ஏற்றம், வள்ளம் காலி. தடையில்லாமல் போய்விட்டார்.

மண் ஏறியிருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், நீர் வற்றும் நேரத்தில் அவர் வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டு மீனைச் சுமந்துகொண்டு நடந்து வந்திருப்பார். அன்று மதியம் வற்றித்தான் இருந்தது. என் பேச்சை நம்பி, மீன் பாரத்தோடு நேராக உள்ளே வந்தார். காயல் கடலோடு சேரும் வாயில் வள்ளம் தரைதட்டியது. பின்னால் வந்த அலை அதைப் பக்கவாட்டில் திருப்பி அவர் மேலேயே கவிழ்த்தது. கரையில் நின்றவர்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். நான் ஷெட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

முதுகெலும்பு முறிந்துவிட்டது, இனி நடக்க முடியாது என்று மாலையில் டாக்டர் சொன்னார். வார்டு வாசலில் அவர் மனைவி கேட்டாள்:

“அண்ணே, நீங்க அளந்துதான சொன்னீங்க?”

“ஆமாம்மா. நாப்பத்திரெண்டு.”

“அப்ப அவுகதான் தப்பா ஓட்டிட்டாக.”



மறுநாள் காலை, மோட்டாருக்கு எண்ணெய் விடுவதற்கு முன், முதல் தடவையாகப் பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினேன். கம்பின் அடியில் தண்ணீர் மார்பளவு. பத்துத் தப்படி தள்ளி முழங்காலுக்குச் சற்று மேலேதான். காயலின் வாய் வரைக்கும் ஆழம் அப்படியே. நீரோட்டம் கம்பைச் சுற்றி மட்டும் குழி பறித்து வைத்திருந்தது. நான் தினமும் அந்தக் குழியைத்தான் அளந்திருக்கிறேன். ஈர வேட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் மனைவியிடம் அதைச் சொன்னேன்.