ஹோர்ன் இல்லாத கார்

பதுளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று மனைவி மக்களுக்கான நாலு கதவுக் கார். மற்றது, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போன பழைய ரேஸ் கார். நானா நல்ல உயரம். அதற்குள் உட்கார்ந்தால் முழங்கால் நாடியைத் தொடும்.

அதற்குக் கூரையும் கிடையாது, ஹோர்னும் கிடையாது. அதனால் ஸ்பிரிங்வெளி ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் "ஓய்! ஓய்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓட்டுவார். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னையும் ஒருமுறை ஏற்றிப் போனார். இறங்கியபோது என் குடையைக் காணோம். எந்த வளைவில் பறந்ததோ!

அடுத்த முறை குடும்பக் காரில் போனோம். மெத்தை மெத்தென்றிருந்தது, எஞ்சின் ஓடுவதே கேட்கவில்லை. பின்சீட்டில் அவர் மனைவியும் பிள்ளைகளும். ஒரு வளைவில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் ரோட்டை அடைத்து நடந்துகொண்டிருந்தார்கள். நானா ஹோர்ன் அடித்தார். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே தலையை வெளியே நீட்டி, "ஓய்!" என்றார்.

"கடக்கார நானா வர்றாரு, ஒதுங்குங்கடி!"

சிரித்துக்கொண்டே எல்லாரும் ஓரத்துக்கு ஓடினார்கள். பின்னால் அவர் மனைவி முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"இதுலதான் ஹோர்ன் இருக்கே நானா?" என்றேன்.

"ஹோர்ன் அடிச்சா ஏதோ ஒரு கார் வருதுன்னு நெனப்பாங்க மாஸ்டர். கத்துனாத்தானே நான் வர்றேன்னு தெரியும்?"

இரண்டில் எந்தக் கார் நல்லது என்று அவரிடம் கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. இப்போதும் வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தால், ஓட்டுவது யாரென்று எட்டிப் பார்க்கிறேன்.