ஷேர் ஆட்டோக்காரரும் இரண்டு பந்துகளும்

ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில், கண் எப்படித் தூரத்தை அளக்கிறது என்று மெய்நிகர்க் காட்சி காட்டும் விஆர் கண்ணாடி மாட்டி ஆராய்ந்துகொண்டிருந்தேன். சோதனைக்கு ஆள் கிடைக்காத ஒரு மதியம், தினமும் என்னைக் கொண்டுவந்து விடும் ஷேர் ஆட்டோக்காரரையே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

கண்ணாடிக்குள் இரண்டு பந்துகள் மிதக்கும். தலையை அசைக்காமல், எது கிட்டே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் கீது மேடம்,” என்றார். எத்தனை முறை மாற்றிக் காட்டியும் அதே பதில். கருவி கெட்டுவிட்டதோ என்று நானே மாட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. விசாரித்தால், சின்ன வயதில் மாறுகண் இருந்து, வளர்ந்த பிறகு சரிசெய்தார்களாம். இரண்டு கண்ணையும் சேர்த்து எது கிட்டே, எது தள்ளி என்று பார்க்க மட்டும் அவருக்குப் பழகவே இல்லை. அதைப் பெரிய டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“அப்போ இத்தினி வருஷமா இன்னாத்த பாத்து ஓட்னேன்?” என்று கேட்டார்.

தலையை ஆட்டலாம் என்று சொல்லி மறுபடி மாட்டிவிட்டேன். தலை அசைந்தால் கிட்டே இருப்பது அதிகமாக நகரும்; அதைப் பிடிக்க ஒரு கண்ணே போதும். கோழி மாதிரி கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டி, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

சாயங்காலம் கள்ளிக்குப்பத்து வீட்டுக்கு அவர் வண்டியில்தான் திரும்பினேன். தண்ணி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அவர் நுழைந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“கண்ண தொறங்க மேடம். ரெண்டு பக்கமும் ஒரு ஜாண் கீது.”

திறந்து பார்த்தேன். என் இரண்டு கண்ணுக்கும் நாலு விரல் இடைவெளிதான் தெரிந்தது.