டோக்கன் வாங்காத செருப்பு

கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கற வேலைல ஒரு விசேஷம் இருக்குது: உள்ள போறப்ப யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, வெளிய வர்றப்ப சாமிய விட என்னைத்தான் அதிகமா தேடுவாங்க.

நீங்களும் ஏதாவது ஒரு கோயில் வாசல்ல, சுடுகல்லு மேல கால் மாத்தி கால் வச்சுக்கினு, "இங்கதானே வுட்டேன்"னு முழிச்சவங்கதான். அதனால என் பாடு உங்களுக்குப் புரியும். காஞ்சிபுரத்துல கோயிலுக்கா பஞ்சம்? அதுல ஒண்ணோட வாசல்ல, வேப்ப மரத்தடில என் ஸ்டாண்டு. பேரு மல்லிகா. பக்கத்துல பூ விக்கறவங்க சரசக்கா. வாய் எங்க ரெண்டு பேருக்கும் சரிக்குச் சரி.

ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க

கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் சென்னைலேருந்து வந்திருந்தது. மாப்பிள்ளைப் பையன் ரொம்ப கெட்டிக்காரன். ஜோடியா வச்சாதானே திருடுவான்னு, ஒரு ஷூவ என் ஸ்டாண்டுல வச்சான், இன்னொண்ண எங்கயோ ஒளிச்சு வச்சுட்டு உள்ள போனான். தரிசனம் முடிஞ்சு வந்தா, ஒளிச்ச இடம் அவனுக்கே மறந்து போச்சு. தேங்காய்க்கடை, வாழைப்பழ வண்டிக்கு அடில எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு தேடறான். அவங்கம்மா புடவைப் பையக் கட்டிப் புடிச்சுக்கினு திட்டிக்கினே பின்னாடி வர்றாங்க.

கடைசில சரசக்கா பூக்கூடைய நகத்தினா, பின்னாடி உக்காந்திருக்குது ஷூ. காலைலேருந்து பூவுக்குத் தெளிச்ச தண்ணி மொத்தமும் அதுக்குள்ள. கவுத்துக் கொட்டினான், தண்ணியோட ரெண்டு மல்லிப்பூவும் விழுந்தது. "அக்கா, இதுக்குத் திருடனே எடுத்துக்கினு போயிருக்கலாம், காய்ஞ்சாவது இருந்திருக்கும்!"ன்னான்.

நேத்துதான் வாங்கினது

எல்லாமே இப்படி சிரிப்பா முடியாது. ஒரு நாள் திருவிழாக் கூட்டத்துல ஒருத்தர் செருப்பு நிஜமாவே போயிடுச்சு. யாரோ மாத்திப் போட்டுக்கினு போயிட்டாங்க. அவர் போட்ட சத்தத்துல கோயில் ஆபீஸ் மேனேஜரே இறங்கி வந்துட்டாரு. அந்த மனுஷன் தன் செருப்ப என்னை நம்பி ஒரு நாளும் வச்சதில்ல, ஆபீஸ் மேஜைக்கு அடிலதான் வச்சுக்குவாரு. "இன்னொரு ஜோடி காணாம போச்சுன்னா இந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும், பாத்துக்க"ன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாரு. என் வூட்டு அடுப்பு எரியறதே இந்த மரத்தடியாலதான்.

சரசக்கா பாவம், செருப்பத் தொலைச்சவர சமாதானப்படுத்தப் பாத்தாங்க. "சார், கோயில்ல செருப்பு தொலைஞ்சா உங்களப் புடிச்ச சனியும் அதோட போயிடுச்சுன்னு அர்த்தம், சந்தோசமா போங்க"ன்னாங்க. அவருக்கு இன்னும் ஏறிடுச்சு. "சனி போறதுன்னா என் பழைய செருப்போட போயிருக்கக் கூடாதாமா? இத நேத்துதான் வாங்கினேன்!"

சிவப்புப் பட்டு நூல் தச்ச வாரு

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டாண்ட மூடலாம்னு பாக்கறேன், ஒரு ஜோடி தனியா நிக்குது. டோக்கன் குடுத்த ஞாபகம் இல்ல. ஆளு வந்து நாளைக்கு "என் செருப்பு எங்க"ன்னு கத்தினா என் கதை முடிஞ்சுது. எடுத்துப் பாத்தா, அறுந்த வார சிவப்புப் பட்டு நூலால தச்சிருக்குது. இது எங்க பின்தெரு கண்ணியப்பண்ணன் செருப்பு. தறி நெய்யறவரு, புடவைக்கு வாங்கின நூலுலயே செருப்பையும் தச்சுக்குவாரு.

சனிய ஒழிக்கறவங்க செருப்ப குளத்தோரமா வுட்டுட்டு, திரும்பிப் பாக்காம நடப்பாங்க. ஸ்டாண்டுல கொண்டாந்து அழகா அடுக்கி வைக்க மாட்டாங்க. அதனால எனக்கு அந்த நெனப்பே வரல. சரசக்காவுக்கும் வரல. "ஏதோ கவலைல வெறுங்கால்ல போயிட்டாருபோல. நீ வூட்டுலயே கொண்டுபோய்க் குடுத்துடும்மா, உன் பேரும் நிக்கும்"னாங்க.

நல்ல நேரத்துல நான்

வேகவேகமா போனேன். கூடம் நெறைய ஆளுங்க. நான் எதையும் கவனிக்கல. "அண்ணே, உங்க செருப்பு! காணாம போவல, பத்திரமா கொண்டாந்துட்டேன்!"னு ரெண்டையும் தூக்கிக் காட்டறேன். அண்ணனுக்கு மூஞ்சில ரத்தமே இல்ல. கண்ணால "போ, போ"ங்கறாரு. எனக்கு எங்க புரிஞ்சுது? "உங்களுதுதாண்ணே, சிவப்பு நூல் பாருங்க"ன்னு இன்னும் கிட்ட போறேன்.

அவர் சம்சாரம் என் கையப் புடிச்சு சமையக்கட்டுக்கு இழுத்துக்கினு போச்சு. தாமல்லேருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க அவங்க பொண்ண பாக்க வந்திருக்காங்க. இதுக்கு முன்னாடி வந்த வரனெல்லாம் தட்டிப் போச்சாம். ஜோசியர் சொல்லி, சனி ஒழியட்டும்னு இன்னைக்குத்தான் செருப்ப கோயில்ல வுட்டுட்டு வந்தாராம். உழைச்ச செருப்பாச்சே, நாய் கடிக்க வேணாம்னு மனசு கேக்காம என் ஸ்டாண்டுல வச்சிருக்காரு! அந்தச் சனிய நான் கையோட வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன். பாழாப்போன என் புத்திய என்னன்னு சொல்ல! அழுகையே வந்துடுச்சு.

அதுக்குள்ள பொண்ணு காபித் தட்டோட சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கினு கலகலன்னு சிரிச்சுடுச்சு. அடக்கவே முடியல அதுக்கு. கூடத்துலேருந்து மாப்பிள்ளையோட அம்மா குரல் கேட்டுது. "செருப்பக்கூட வூடு தேடி கொண்டாந்து குடுக்கறாங்கன்னா இவர் தெருவுல எப்படி பழகியிருப்பாரு! பொண்ணும் சிரிச்ச மூஞ்சியா இருக்குது. எங்களுக்குப் புடிச்சிருக்குதுபா."

அதே செருப்பு

இந்தக் கதை ஊரெல்லாம் சுத்தி ஆபீசுக்கும் போயிடுச்சு. ஒரு நாள் காலைல மேனேஜர் வந்தாரு, தன் செருப்பக் கழட்டி என் ஸ்டாண்டுல வச்சாரு, டோக்கனுக்குக் கைய நீட்டினாரு. எனக்கு அது போதும்.

அடுத்த வாரமே கண்ணியப்பண்ணன் தாம்பாளத்துல பத்திரிகையோட வந்தாரு. கால்ல அதே சிவப்பு நூல் செருப்பு. "என்னண்ணே, ஒழிக்கலயா?"ன்னேன். கழட்டி முன்வரிசைல வச்சுட்டுச் சிரிச்சாரு. "சனின்னு வுட்டுட்டுப் போனேன்மா, நீ குருவா மாத்தி கொண்டாந்துட்ட. கல்யாணத்துக்கும் இதத்தான் போடப்போறேன். டோக்கன் குடு."

இப்பல்லாம் யாராவது டோக்கன் வாங்காம செருப்ப வச்சுட்டு நடந்தா, ஓடிப்போய் மறிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன்: "இது திரும்ப வேணுமா, வேணாமா?"