சுருளி ஓடை மலை அணிலும் காதர் பாயின் புளியங்கொப்பும்

அணில் பார்க்க லீவு போடுகிறேன் என்றபோது ஆபீசில் ஒருவரும் நம்பவில்லை. 2009 பிப்ரவரியில், சாம்பல் நிற மலை அணில் எங்கெல்லாம் கூடு கட்டியிருக்கிறது என்று வரைபடம் தயாரிக்க ஓர் இயற்கைக் குழு தன்னார்வலர்களைத் தேடியது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்த அணில் வேறெங்கும் கிடையாது. விடுவேனா? பெயர் கொடுத்துவிட்டேன்.

தேனியிலிருந்து கம்பம் சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து சுருளி அருவிச் சாலையில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். விஷயத்தைக் கேட்ட ஓட்டுநர், "அணிலுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? எங்க வீட்டு ஓட்டு மேலயே ஓடுதேக்கா!" என்று வழியெல்லாம் சிரித்தார்.

எனக்கு ஒதுக்கியிருந்தது காதர் பாயின் தோட்டம். ஓடைக்கு இந்தப் பக்கம் திராட்சைப் பந்தலும் புளிய மரங்களும், அந்தப் பக்கம் காடு. பாய் வாசலிலேயே மறித்தார். "இங்கன அணிலும் இல்ல, கூடும் இல்ல. டீயக் குடிச்சிட்டுக் கெளம்பும்மா."

டீ வந்தது. புளிய மரத்தடியில் நின்று பாதி குடித்திருப்போம், தலைக்கு மேல் கடகடவென்று ஒரு கத்தல். கூடவே, கடித்த புளியங்காய் ஒன்று பாயின் தோளில் வந்து விழுந்தது. நிமிர்ந்தால் உச்சியில் கூடை அளவுக்கு இலைக்கூடு, பக்கத்தில் நீண்ட வாலோடு அது! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாய்க்கும்தான்.

"சரி, இருக்கு. நீங்க படத்துல புள்ளி வச்சிட்டுப் போயிருவீக. பெறகு பாரஸ்டுக்காரவுக வந்து கொப்பத் தொடாதன்னு சொல்லுவாக. அந்தா, அந்தக் கொப்பு நெழல்ல ஓடையோரத்து ரெண்டு வரிசைக் கொடி காய்க்கவே மாட்டேங்குது. நாளைக்கு வெட்ட ஆள் சொல்லியாச்சு. புள்ளி வச்சா வெட்ட விடுவாகளா?"

"தெரியாது பாய். நீங்க வேண்டாம்னா வைக்கல" என்றேன். தோட்டக்காரர் சம்மதம் இல்லாமல் எந்தக் கூட்டையும் பதியக் கூடாது என்பது குழுவின் விதி. வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்குள் அணில் அதே கொப்பின் வழியாக ஓடி, ஓடையைத் தாண்டிக் காட்டு மரத்துக்குப் பாய்ந்தது. சற்று நேரத்தில் வாயில் இலைக்கொத்தோடு திரும்பி வந்தது. மறுபடி போனது. ஓடைக்குக் குறுக்கே நீண்டிருந்தது அந்த ஒரு கொப்புதான்.

இத்தனை வருஷமாக நிழலை மட்டுமே பார்த்திருந்த பாய், "இதுக்கு வேற வழி கெடையாதாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். இது தரையில எறங்கவே பயப்படும்."

பாய் பந்தலைப் பார்த்தார், கொப்பைப் பார்த்தார். போனை எடுத்து, வெட்டு ஆளை வர வேண்டாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால், வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கேட்காமல் யார் தோட்டத்துக்குள்ளும் நுழையாதீர்கள். கூட்டுக்குக் கீழே கூச்சல் வேண்டாம். முக்கியமாக, தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்னதால்தானோ என்னவோ, கிளம்பும்போது பாய் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அந்தப் புள்ளிய வச்சிட்டே போம்மா. நாளப்பின்ன பந்தலப் பாத்து எனக்கே மனசு மாறிப்போச்சுன்னாலும், கொப்புல கை வைக்க முடியாம இருக்கட்டும்."